ராமேஸ்வரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் மாலை வகுப்பு: ‘ஃபியூ’, ‘லிட்டில்’ பாடம் எப்படி இருக்கிறது?

ஆட்டோ ஓட்டுபவர்கள், லாட்ஜ் ஊழியர்கள், சங்குக் கடைக்காரர்கள் ஆகியோருக்காக ராமேஸ்வரத்தில் நடக்கும் இந்த மாலை வகுப்பில், சின்ன அளவுகளைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களுக்குத் தனிப் பாடமே இருக்கிறது. நல்ல முடிவு. வெளியூர்ப் பயணியிடம் இங்கே பேசுவதில் பெரும்பகுதி அளவுதானே: எத்தனை பேர், எவ்வளவு நேரம், தண்ணீர் கிடைக்குமா, கிடைக்காதா.

பாடம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது: எண்ண முடியுமா? முடிந்தால் ‘ஃபியூ’, பின்னால் பன்மை. முடியாவிட்டால் ‘லிட்டில்’, பின்னால் ஒருமை. நமக்குக் கொஞ்சம் பேர், கொஞ்சம் தண்ணீர் இரண்டுக்கும் ஒரே ‘கொஞ்சம்’ போதும் என்பதால் முதல் சறுக்கல் இங்கேதான். ‘பேக்’கை எண்ணலாம், ‘லக்கேஜ்’ எண்ண முடியாத சொல். அதனால் ‘எ ஃபியூ பேக்ஸ்’, ‘எ லிட்டில் லக்கேஜ்’. பணத்தைத் தினமும் எண்ணுகிறோமே என்று ‘எ ஃபியூ மணி’ என்று சொல்லிவிடுகிறார்கள். எண்ணப்படுவது ரூபாய்தான்: ‘எ ஃபியூ ருப்பீஸ்’, ‘எ லிட்டில் மணி’.

மீனை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பகுதிதான் இந்த வகுப்பின் சிறப்பு. ‘எ ஃபியூ ஃபிஷ்’ என்றால் முழுமீன் சில. பன்மையிலும் பெரும்பாலும் ‘ஃபிஷ்’தான். ‘எ லிட்டில் ஃபிஷ்’ என்றால் தட்டில் வைக்கிற கொஞ்சம் மீன். அதே சொற்கள் ஒரு குட்டி மீனையும் குறிக்கும். அதனால் பரிமாறுபவர் ‘எ லிட்டில் மோர் ஃபிஷ்?’ என்று கேட்கப் பழக்குகிறார்கள். ‘மோர்’ வந்ததும் குழப்பம் போய்விடும். இறாலுக்கு ‘எ ஃபியூ ப்ரான்ஸ்’, கருவாட்டுக்கு ‘எ லிட்டில் டிரைட் ஃபிஷ்’. கருப்பட்டியை மொத்தமாகச் சொன்னால் ‘எ லிட்டில்’, துண்டாகச் சொன்னால் ‘எ ஃபியூ பீசஸ்’.

அடுத்து வருவது ‘எ’. பலருக்கு உண்மையான சிக்கல் இதில்தான். ‘எ’ இருந்தால், குறைவுதான், ஆனாலும் இருக்கிறது. ‘எ’ இல்லாவிட்டால், இருப்பதும் இல்லாத மாதிரிதான். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றி ‘ஃபியூ பீப்பிள் லிவ் தேர்’ என்றால் அங்கே ஆட்களே அதிகம் இல்லை என்று பொருள். ‘எ ஃபியூ பீப்பிள்’ என்றால் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆள் கணக்கு ஒன்றே. சொல்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதுதான் மாறுகிறது.

இதற்கான பயிற்சி அருமை. ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, “அண்ணே, தண்ணி இருக்கா, இல்லையா?” என்று கேட்கிறார். ‘தேர் இஸ் லிட்டில் வாட்டர்’ என்றால் பயணியை முன்னாலேயே பாட்டில் வாங்கச் சொல்ல வேண்டும். ‘எ லிட்டில்’ என்றால் தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையில் கிடைக்கும் என்று நம்பி வெறுங்கையோடு வண்டி ஏறிவிடுவார். ஒரே குறை, ஆசிரியர் ‘எ’வை அழுத்திச் சொல்கிறார். ஆங்கிலேயர்கள் பேச்சில் அது விழுங்கின ‘அ’வாகத்தான் கேட்கும். அந்தப் பேச்சை ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டினால்தான் காது பழகும்.

‘ஒன்லி ஃபியூ’ என்ற பிழையை நன்றாகவே திருத்துகிறார்கள். கொஞ்சம்தான் என்கிற நம் ‘தான்’ ‘ஒன்லி’யாகிவிடுகிறது, ‘எ’ நடுவில் காணாமல் போகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்போது கடலுக்குப் போவது நாட்டுப்படகுகள் மட்டுமே. அதைச் சொல்ல ‘ஒன்லி எ ஃபியூ போட்ஸ்’ அல்லது ‘வெரி ஃபியூ போட்ஸ்’. ‘ஒன்லி’க்குப் பின்னால் ‘எ’ வேண்டும், ‘வெரி’க்குப் பின்னால் கூடாது.

குறைகளும் உண்டு. ‘குவைட் எ ஃபியூ’ பாடத்தில் இல்லவே இல்லை. ‘ஃபியூ’ இருப்பதால் சொற்பம் என்று தோன்றும். பொருளோ கணிசமாக, நிறையவே என்பது. ‘குவைட் எ ஃபியூ கெஸ்ட்ஸ்’ வருகிறார்கள் என்று போனில் கேட்டு, லாட்ஜில் இரண்டு அறை மட்டும் ஒதுக்கினால் வம்புதான். ‘எ’ இல்லாத ‘ஃபியூ’, ‘லிட்டில்’ பேச்சில் கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும் என்பதையும் சொல்வதில்லை. சாதாரணப் பேச்சுக்கு ‘நாட் மெனி’, ‘நாட் மச்’ போதும். தொடக்கநிலை ஆட்களுக்கு இதையே முதலில் கொடுத்திருக்கலாம், ‘எ’ தொல்லையும் இருக்காது.

பயிற்சித் தாளில் ஒரு விடை தப்பு. இருநூறு ரூபாய்க்கும் குறைவு என்பதற்கு, ரூபாய் எண்ணக்கூடியது என்பதால் ‘ஃபியூவர் தேன் டூ ஹண்ட்ரட் ருப்பீஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். விலை, தூரம், நேரம் ஆகியவற்றை ஒரே மொத்தமாகப் பார்ப்பதால் அங்கே ‘லெஸ் தேன்’தான் சரி: ‘லெஸ் தேன் டூ ஹண்ட்ரட் ருப்பீஸ்’, ‘லெஸ் தேன் டென் மினிட்ஸ்’. ஆட்களுக்கும் படகுகளுக்கும் ‘ஃபியூவர்’. ஆட்டோக்காரர்கள் தினமும் சொல்வது விலையும் தூரமும்தான். சேருகிறவர்கள் அந்த விடையை முதலில் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.