ட்ரையம்ப் ஹெரால்டின் மர டேஷ்போர்டுக்கு எந்தப் பூச்சு?

இங்கிலாந்தில் 1959ல் வந்த முதல் ட்ரையம்ப் ஹெரால்டு காரின் டேஷ்போர்டு அழுத்திச் செய்த நார்ப்பலகை. 1961ல் ஹெரால்டு 1200 வந்தபோதுதான் அந்த இடத்துக்கு மரம் வந்தது. அடியில் பிளைவுட், அதன் மேல் வால்நட் வெனீர், அதாவது மெல்லியதாகச் சீவிய மரத்தோல், அதற்கு மேல் பளபளப்பான பூச்சு. விட்டெஸ், ஜிடி6, டிஆர்4ஏ என்று ட்ரையம்ப் குடும்பத்தில் பல வண்டிகளுக்கும் அடிப்படை இதுதான். சென்னையை ஒட்டி ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரான கார் என்பதால் ஹெரால்டு மேல் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடலமைப்பைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஆனால் ஓட்டுபவரின் கண்ணெதிரே எப்போதும் இருப்பது இந்த மரப் பலகைதான். அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதமே உண்டு.

பூச்சைத் தேர்வு செய்வதற்கு முன் வெனீர் பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிள், சோக் கேபிள், சுவிட்சுகள் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி, பலகையை வெளியே எடுங்கள். மீட்டரின் வளையம் மூடியிருந்த இடத்தைப் பாருங்கள். அங்கே மரம் கருஞ்சிவப்பாக, ஆழமாக இருக்கும். மற்ற இடமெல்லாம் வெளிறிப்போய்த் தேன் நிறத்தில் இருக்கும். பல மரங்கள் வெளிச்சம் பட்டுக் கறுக்கும், வால்நட் வெளிறும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பலகை என்ன நிறத்தில் இருந்தது என்பதற்கு அந்த வளைய அடையாளம்தான் சாட்சி. அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாயம் தேர்ந்தெடுக்கும்போது தேவைப்படும்.

வெனீரின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்த வேலையில் நினைவில் வைக்க வேண்டிய ஒரே அளவு இதுதான். முன்பு யாராவது மிஷின் வைத்துத் தேய்த்திருந்தால் அதிலும் பாதி போயிருக்கும். அதனால் பழைய பூச்சை எடுக்க உப்புத்தாளை எடுக்காதீர்கள். பூச்சை இளக்கும் ஸ்டிரிப்பர் தடவி, பூச்சு சுருங்கி எழும்பியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் ரேகையோடு வழித்து எடுப்பதுதான் பாதுகாப்பான வழி. மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய வகை ஸ்டிரிப்பர் வேகமாக வேலை செய்யும், ஆளையும் சாய்த்துவிடும். அமெரிக்காவில் 2019ல் பொதுமக்களுக்கு அதை விற்பதையே தடை செய்தார்கள். மெதுவாக வேலை செய்யும் புதிய வகைகளே போதும். ஹீட் கன் வேண்டாம், வெனீரை ஒட்டியிருக்கும் பசையும் சேர்ந்து இளகிவிடும்.

திருகாணி ஓட்டைகளைச் சுற்றிக் கறுப்புக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். வால்நட்டில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து வந்த கறை அது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பூசினால் போய்விடும். கையுறை போட்டுச் செய்யுங்கள், பிறகு நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.

சின்னக் கொப்புளங்களைச் சரிசெய்ய முடியும். பசையை உள்ளே செலுத்தி, அல்லது பழைய பசை சூட்டுக்கு இளகும் வகை என்றால் துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, மேலே ஒரு கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டால் படிந்துவிடும். கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீர் இறங்கி, வெனீர் பெரிதாகப் பிரிந்தோ, பிளைவுட்டின் அடுக்குகளே பிரிந்தோ இருந்தால் கதை வேறு. அப்போது மூன்று வழிகள்: புது வெனீர் ஒட்டுவது, புதுப் பலகை வாங்குவது, மர டிசைன் ஸ்டிக்கர் ஒட்டுவது.

ஸ்டிக்கரை ஒரே வரியில் முடித்துவிடலாம். மீட்டர் ஓட்டைகளின் விளிம்பில் அது சீக்கிரம் உரியத் தொடங்கும், பிறகு பழைய வெனீரைக் காப்பாற்றும் வாய்ப்பும் போய்விடும். புதுப் பலகைகள் இங்கிலாந்தில் ட்ரையம்ப் உதிரி பாகம் விற்பவர்களிடம் கிடைக்கின்றன. நல்லவையும் உண்டு, ஆனால் ஓட்டைகளின் இடம் உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று பழைய பலகையை மேலே வைத்துப் பார்க்காமல் பூச்சு போடாதீர்கள். ஹெரால்டு 1200க்கு ஒரே பெரிய மீட்டர், பின்னால் வந்த ஹெரால்டு 13/60க்கு இரண்டு.

என்னைக் கேட்டால், அடிப்பலகை உறுதியாக இருக்கும் வரை புது வெனீர் ஒட்டுவதே மேல். பலகை தட்டையானது, ஜாகுவார் மார்க் 2 போல வளைவுகள் கிடையாது, அதனால் வீட்டிலேயே செய்யலாம். பசை விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காண்டாக்ட் பசை வசதியானது, தொட்டவுடன் பிடிக்கும். ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் அது இளகி, ஒரு கோடையிலேயே கொப்புளம் வரலாம். வெள்ளைப் பசையை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் முறை எளிது, ஆனால் அந்தப் பசையும் சூட்டுக்கு இளகும் வகைதான். யூரியா ஃபார்மால்டிஹைடு பசைத்தூளைத் தண்ணீரில் கலந்து, இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்கி ஒரு நாள் விடுவதுதான் சிரமமானது, நிலைப்பதும் அதுதான். ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினால் பலகை வளையும், பின்பக்கமும் ஒரு சாதாரண வெனீர் ஒட்டிவிட வேண்டும்.

சரி, இப்போது பூச்சு.

ஆயிலை முதலில் தள்ளி வைக்கலாம். டேனிஷ் ஆயில், டங் ஆயில் பூசினால் வால்நட் அழகாக எழும்பும், தப்பு செய்யவே முடியாத வேலை. ஆனால் ஹெரால்டு பலகைக்கு அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வராது. ட்ரையம்பின் டிஆர்6 போல மங்கலான பூச்சோடு வந்த வண்டிக்கு ஓரளவு பொருந்தும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், ஆயில் காயும்போது எழும் வெப்பத்தில் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

அரக்குப் பூச்சு, அதாவது நம் ஆசாரிகள் பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வது, அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தால் வட்டவட்டமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும்போது மரத்தின் ரேகைக்குள்ளிருந்து வெளிச்சம் வருவது போல இருக்கும். கைவேலை தெரிந்த ஆள் இன்னும் நம் ஊர்களில் கிடைக்கிறார்கள் என்பது பெரிய வசதி. அலமாரிக்கும் கட்டிலுக்கும் இதைவிட நல்லது கிடையாது.

காருக்கு ஒத்து வருமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டின் சராசரி வெப்பம் 69 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறியிருந்தது. அரக்கு இளகத் தொடங்குவதே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். முகப்புப் பலகைக்கு மேலிருக்கும் விளிம்பு கொஞ்சம் நிழல் தரும், உண்மைதான். ஆனாலும் மே மாதத்தில் வெளியே நிறுத்தும் வண்டிக்கு இந்தப் பந்தயம் வேண்டாம். ஈரம் பட்டால் வெள்ளை பூக்கும், கையில் தடவிய சானிட்டைசர் பட்டால் விரல் அடையாளம் அப்படியே பதியும். கொட்டகைக்குள் இருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டி என்றால் தாராளமாகப் போடலாம்.

என்.சி. லேக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ், அந்தக் கால இங்கிலாந்துக் கார்களின் மர வேலைக்குப் பழக்கமான பூச்சு. பழைய தோற்றம் அப்படியே வேண்டும் என்றால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஸ்பிரே செய்ய எளிது, சீக்கிரம் காயும், ஒவ்வொரு கோட்டும் அடியில் இருக்கும் கோட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். பத்து வருடம் கழித்து ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மட்டும் புதுக் கோட் போட்டுக் கலக்கிவிடலாம். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அதன் மேல் மதிப்பு அதிகம். குறை என்னவென்றால், புற ஊதா ஒளியில் மஞ்சளாகும், வருடங்கள் போகப் போக விறைத்து மெல்லிய வெடிப்புகள் ஓடும். உங்கள் பழைய பலகையில் பல்லி முட்டை ஓடு போல வெடித்திருக்கிறதே, பெரும்பாலும் அது இதன் வேலைதான். என்ன பூச்சு என்று தெரிய, மீட்டருக்கு அடியில் மறையும் இடத்தில் சோதியுங்கள்: ஸ்பிரிட் தொட்டால் பிசுபிசுத்தால் அரக்கு, தின்னர் தொட்டால் மட்டும் இளகினால் லேக்கர், இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் வகை.

டூ-பேக் பி.யு., அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன், உறுதியில் முதலிடம். சூடு, ஸ்பிரிட், பெட்ரோல், வியர்வை எதற்கும் அசையாது. பெயிண்டர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு விஷயம் என்னைத் தடுக்கிறது. ஒன்று, ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமா வரவழைக்கக் கூடியது. சாதாரண முகமூடி காப்பாற்றாது, வெளிக்காற்று வரும் முகமூடி போட்ட ஆள்தான் அடிக்க வேண்டும், வீட்டுக் கொட்டகையில் கூடாது. இரண்டாவது, அது வெடித்தாலோ ஓரத்தில் தூக்கினாலோ அந்த இடத்தில் மட்டும் கலக்க முடியாது. மறுபடி முழுவதையும் உரிக்க வேண்டும், அது ஸ்டிரிப்பருக்கும் எளிதில் மசியாது. அப்போது உப்புத்தாளைத்தான் எடுப்பார்கள், அரை மில்லிமீட்டர் வெனீர் அங்கே முடிந்தது. எபாக்சி ஊற்றிக் கனமாக நிறுத்துபவர்களுக்கும் இதே பதில்தான், கூடுதலாக அது புற ஊதாவில் மஞ்சளாகவும் செய்யும். மீட்டர் வளையம் உட்கார வேண்டிய இடத்தில் கனம் ஏறிப் பொருந்தாமலும் போகும்.

இவற்றுக்கு நடுவே இருக்கிறது படகுகளுக்குப் பூசும் ஒற்றை டப்பா வார்னிஷ். புற ஊதாவைத் தடுக்கும் பொருள் கலந்தது, கொஞ்சம் நெகிழும், அதனால் பலகை சுருங்கி விரிந்தாலும் லேக்கர் போல வெடிக்காது. பிரஷ்ஷாலேயே போடலாம். காய நாளாகும், தூசி ஒட்டும், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே 320 அல்லது 400 உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கோட் பிடிக்காது. ஆறேழு கோட் ஏறி நன்றாகக் காய்ந்த பின், தண்ணீர் விட்டு 1200, 2000 தாளால் தட்டையாக்கி, பாலிஷிங் காம்பவுண்டு போட்டால் பளபளப்பு லேக்கருக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடும். தினமும் ஓட்டி, வெயிலில் நிறுத்தும் ஹெரால்டுக்கு நான் சொல்வது இதைத்தான். நிழலில் வாழும் வண்டிக்கு என்.சி. லேக்கர். ஆளும் ஸ்பிரே அடிக்கும் கூடமும் முறையாக இருந்து, புது வெனீரும் ஒட்டியிருந்தால் மட்டும் டூ-பேக்கை யோசிக்கலாம்.

எதைப் போட்டாலும் முதல் கோட்டுக்கு முன் சிலிக்கோனைக் கவனியுங்கள். பளபளக்க வேண்டும் என்று வருடக்கணக்காக அடித்த டேஷ்போர்டு பாலிஷில் சிலிக்கோன் இருந்திருந்தால், புதுப் பூச்சு மீன்கண் மாதிரி குழி குழியாக ஒதுங்கும். வேக்ஸ் ரிமூவரால் துணியை மாற்றி மாற்றிப் பல தடவை துடையுங்கள், அதற்கு மேல் மெழுகு நீக்கிய அரக்கை மெல்லிய ஒரு கோட் அடித்தால் அது அடைத்துவிடும். அரக்குக்குக் காரில் இப்படி ஒரு நல்ல இடம் இருக்கிறது.

மீட்டர்களை மாட்ட அவசரப்படாதீர்கள். தொட்டால் ஒட்டாது என்பதும் முழுதாக இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. வார்னிஷ் என்றால் சில வாரங்கள் விடுங்கள், இல்லையென்றால் வளையத்தின் ரப்பர் பூச்சில் பதிந்து ஒட்டிக்கொள்ளும், அடுத்த தடவை மீட்டரைக் கழற்றும்போது பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.