கையை இடுப்போடு தைத்து வைத்த சிகிச்சை: தம்பிக்குப் புதுச்சேரியில் கிடைத்தது என்ன

அறுவை சிகிச்சைக்கு முழு மதிப்பெண் தருவேன். அதற்குப் பின் வரும் வாரங்களுக்கு நோயாளியையும் வீட்டாரையும் தயார்ப்படுத்திய விதத்துக்குப் பாதி மதிப்பெண்கூடத் தர மாட்டேன்.

என் தம்பி தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வழியில் கரும்புச்சாறு கடை வைத்திருக்கிறான். உருளைகளுக்குள் வலது கை சிக்கி, புறங்கைத் தோல் முழுவதும் உரிந்துவிட்டது. விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் வெள்ளையாக வெளியே தெரிந்தன. கடலூரில் முதலுதவி செய்து, புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு அனுப்பினார்கள். குறைகளையும் எழுதப் போவதால் அந்த மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அந்த மருத்துவர் பேசிய விதத்தை முதலில் சொல்ல வேண்டும். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டினால் போதாதா என்று கேட்டேன். நான் அறிவியல் ஆசிரியை என்று தெரிந்ததும் ஒரு தாளை எடுத்து வரைந்தே காட்டினார். சீவி எடுத்த தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. ஓரிரு நாள் அடியில் ஊறும் நீரைக் குடித்தே அது உயிரோடு இருக்கும். அதற்குள் கீழிருந்து ரத்தக் குழாய்கள் வந்து இணைய வேண்டும். உறை போய் வெறுமையாகக் கிடக்கும் தசைநாணில் அந்தக் குழாய்களே இல்லை. அப்படியே பிடித்தாலும் தோல் நாணோடு ஒட்டிக்கொள்ளும், விரல் நகராது. ஆகவே கொழுப்போடு, ரத்தக் குழாயோடு கூடிய சதை தேவை. அதுவும் அவனுடைய உடம்பிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். மற்றவர் தோலை உடல் சில வாரங்களில் தள்ளிவிடும். பெரிய தீக்காயங்களில் அது தற்காலிகப் போர்வையாகத்தான் உதவுகிறது.

இரண்டு வழிகளைச் சொன்னார். தொடைச் சதையை முழுதாகப் பிரித்து, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்களை மைக்ரோஸ்கோப்பின் கீழ் கையின் குழாய்களோடு தைப்பது ஒன்று. ஒரே முறையில் முடியும். ஆனால் இணைப்பில் ரத்தம் உறைந்தால் மொத்தச் சதையும் போய்விடலாம். தம்பி பல வருடங்களாகப் புகைபிடிப்பவன். அதனால் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். 1972-இல் மெக்கிரிகர், ஜாக்சன் என்ற இருவர் விவரித்த முறை அது. தொடை இடுக்கில் தோலும் கொழுப்பும் சேர்ந்த ஒரு பட்டையை (மடல் என்கிறார்கள்) ஒரு பக்கம் உடம்போடு விட்டுவிட்டு எடுத்து, காயம்பட்ட கையை அங்கேயே கொண்டுபோய்த் தைக்கிறார்கள். மல்லிகைக் கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமல் மண்ணில் புதைத்துப் பதியம் போடுவது போலத்தான். ஏறத்தாழ மூன்று வாரத்தில் கையிலிருந்து புதுக் குழாய்கள் மடலுக்குள் வளர்ந்துவிடும். பிறகு இடுப்புப் பக்கத்தை வெட்டிப் பிரிக்கலாம்.

புகையை அன்றே நிறுத்தச் சொன்னார். தம்பி நிறுத்தினான்.

அந்த இடைக்காலத்தைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு சொல்லவில்லை. வலது கை இடுப்போடு இருக்கும்போது இடது கையால்தான் சாப்பிட வேண்டும், கழுவ வேண்டும், எல்லாமும். தூக்கத்தில் கையை இழுத்துவிடாமல் அகலமான பட்டையால் உடம்போடு கட்டியிருந்தார்கள். முதல் சில நாட்கள் இடுப்பை மடக்கியே படுக்க வேண்டியிருந்தது. புதுச்சேரிப் புழுக்கத்தில் மடலுக்கு அடியில் வியர்வை தேங்கி நாற்றம் வந்தது. தினமும் உப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினேன். சட்டையின் ஒரு பக்கத் தையலைப் பிரித்து நாடா தைத்துக் கொடுத்தேன். இவற்றையெல்லாம் பக்கத்துப் படுக்கையில் இருந்தவரின் மனைவி சொல்லிக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கக்கூடிய விஷயங்கள்!

இதைவிடப் பெரிய குறை, உடற்பயிற்சியைத் தாமதமாகத் தொடங்கியது. தோள், முழங்கை, கட்டப்படாத விரல்கள் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்தே அசைக்கச் சொல்லியிருக்க வேண்டும். பிசியோதெரபி பிரிவிலிருந்து வெகு தாமதமாகவே ஆள் வந்தார்கள். மடலைப் பிரித்த பிறகு தம்பிக்குப் புறங்கையைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது. இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதல் நாளே பிசியோதெரபிஸ்டைக் கேட்டு வாங்குங்கள். கை இடுப்போடு இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பினால் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். அரியாங்குப்பம் நெரிசலில் ஒரு பிரேக் போதும், தையலை இழுத்துவிட. காரோ வேனோ பிடித்துக்கொள்ளுங்கள்.

செவிலியர்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. மடலின் நிறத்தையும் சூட்டையும் இரவிலும் வந்து பார்த்தார்கள். பிரிப்பதற்கு முன் இணைப்பை இறுக்கிக் கட்டி, நிறம் மாறுகிறதா என்று சோதித்தார்கள். நாளுக்கு நாள் அந்த நேரத்தைக் கூட்டினார்கள். மடல் ஒரு ஓரம்கூடக் கறுக்கவில்லை. சதை எடுத்த இடத்தை ஒரே கோடாகத் தைத்துவிட்டார்கள். வேட்டி கட்டினால் அந்தத் தழும்பு தெரியாது.

இப்போது புறங்கை அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பன் போல உப்பியிருக்கிறது, முடி முளைக்கிறது. அடிவயிற்றுப் பக்கத்துக் கொழுப்பு என்பதால் உடல் எடை ஏறினால் அதுவும் ஏறும். உணர்ச்சி குறைவு, சூடான பாத்திரம் பட்டாலும் உடனே தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் விலக வேண்டும். ஆனால் விரல்கள் மடங்குகின்றன, நிமிர்கின்றன. சில்லறை எண்ணுகிறான், கையெழுத்துப் போடுகிறான். சில மாதங்கள் கழித்துக் கொழுப்பைக் குறைத்துச் சன்னமாக்கலாம் என்கிறார்கள். அதற்கும் அதே மருத்துவரிடம்தான் போவோம்.