வைக்கோல் எவ்வளவு செரிக்கும்? உருளும் ஜாடியும் கண்ணாடி சிரிஞ்சும்

கிளிநொச்சிப் பக்கம் தீவன ஆய்வுகூடத்தில் வேலை என்பதால், தீவனம் மாட்டு வயிற்றில் எவ்வளவு செரிக்கும் என்று மாடில்லாமலே அளக்கும் டெய்சி இன்குபேட்டர் (ஜாடிகளைச் சூடாக வைத்து உருட்டும் பெட்டி), கண்ணாடி சிரிஞ்ச் இரண்டோடும் சில வருடமாகப் பழக்கம். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: காசிருந்தால் இரண்டும், இல்லையென்றால் சிரிஞ்ச்.

டெய்சியில் வேலை சுகம், அதை மறுக்க முடியாது. மாதிரியை நுண்துளைப் பைகளில் போட்டு, மாட்டின் முதல் இரைப்பையான ருமெனில் எடுத்த நுண்ணுயிர்ச் சாற்றில் விட்டால், நாலு ஜாடி, ஜாடிக்கு 25 பை வரை, 48 மணி நேரம் தன்பாட்டில் உருண்டுகொண்டிருக்கும். பையின் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு செரித்தது என்று கணக்கு. 1963இல் டில்லி, டெரி என்ற ஆய்வாளர்கள் தந்த முறைப்படி மாதிரிக்கு ஒரு குழாய் வைத்து, 48 மணி நேரம் ருமென் சாற்றில், அப்புறம் இன்னொரு 48 மணி நேரம் பெப்சின் (புரதம் செரிக்கும் நொதி) கலந்த அமிலத்தில் என்று மாரடிப்பதற்கு இது எவ்வளவோ மேல். காலபோக வைக்கோல், யூரியா போட்ட வைக்கோல், சீ.ஓ-3 என்ற தீவனப் புல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எது நல்லது என்று வரிசைப்படுத்த இது போதும்.

வில்லங்கம் இலைகளில்தான். இப்பில் இப்பில், வேல் மாதிரி மர இலைகளில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் கரைந்து பைக்கு வெளியே போய்விடும். மாட்டுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை, ஆனால் பையின் எடை குறைந்துவிட்டதால் அதுவும் செரித்த கணக்கில் சேர்ந்துவிடும். மாவாக அரைத்தாலும் இதே கதை, பையின் துளை வழியே தூள் நழுவிவிடும்.

சிரிஞ்சில் அந்த வேலை நடக்காது. 200 மில்லிகிராம் மாதிரி, பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) கலந்த ருமென் சாறு 30 மில்லி, 39 பாகைச் சூடு, 24 மணி நேரம். நுண்ணுயிர் தின்றால்தான் வாயு, வாயு வந்தால்தான் பிஸ்டன் ஏறும். பிஸ்டனுக்கு வாசலின் பூசுவதில் கொஞ்சம் கைப்பக்குவம் வேண்டும், போதாவிட்டால் ஒட்டிக்கொண்டு நின்று திடீரென்று குதிக்கும். டானின் சந்தேகமென்றால் இன்னொரு சிரிஞ்சில் டானினைப் பிடித்துக்கொள்ளும் பாலிஎதிலீன் கிளைக்கோல் சேர்த்துப் பாருங்கள், வாயு கூடினால் இவ்வளவு நேரமும் டானின்தான் தடுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். புரதம் கூடிய தீவனத்தில் வாயு குறைவாகவே வரும், அதை வைத்து அந்தத் தீவனத்தை மட்டம் என்று தள்ளிவிடாதீர்கள்.

எந்த முறையென்றாலும் சாறு சரியில்லாவிட்டால் எல்லாம் வீண். கொல்களத்தில் எடுப்பதென்றால் சுடுதண்ணீர் விட்டுச் சூடாக்கிய பிளாஸ்கில் காற்றுக்கு இடமில்லாமல் வாய் முட்ட நிரப்பிக் கொண்டுவந்து, நாலு மடிப்புத் துணியில் வடித்து, காபனீரொட்சைட்டு விட்டுக்கொண்டே கலக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாதிரி போடாத வெறும் சிரிஞ்சும், எவ்வளவு வரும் என்று ஏற்கனவே தெரிந்த புல்லும் கூடவே ஓடட்டும். அந்தப் புல் வழக்கமான அளவுக்கு வரவில்லையென்றால் மற்ற எண்களை எழுதிக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டு, புதுச் சாறு எடுக்கப் போங்கள்.