ஸ்டீல் பவுண்டரிக்குச் சிர்கான் மணல்: எங்கே போடலாம், எங்கே வீண்

எஃகு வார்ப்புக்கு அச்சுமணல் என்று பார்த்தால் சிர்கானுக்கு (கடற்கரை மணலில் கிடைக்கும் கனமான சிர்கோனியம் தாது) முழு மதிப்பெண் கொடுக்கலாம். சிலிக்கா மணல் 573 டிகிரியில் சட்டென்று விரியும். அச்சின் முகம் பெயர்ந்து வார்ப்பில் தழும்பு விழும். சிர்கானில் அந்தத் தொல்லை இல்லை. உருகிய எஃகு அதில் எளிதில் ஊறாது, சூட்டையும் வேகமாக இழுத்துக்கொள்ளும். தடித்த வால்வு பாடிகளில் கோர் (உள்ளே குழிவு வர வைக்கும் மணல் உரு) மணல் வார்ப்பில் ஒட்டிக்கொண்டு கிரைண்டிங்கில் போகும் நேரம் நன்றாகக் குறையும்.

சிக்கல் வரத்தில்தான். பெரும்பாலான சுரங்கங்கள் இல்மனைட் என்ற டைட்டானியத் தாதுவுக்காகத் தோண்டப்படுபவை. சிர்கான் அதோடு சேர்ந்து வருவது. (தெற்கு ஆஸ்திரேலியாவின் ஜசிந்த்-அம்ப்ரோசியா சுரங்கம் விதிவிலக்கு.) தேவை கூடியது என்பதற்காக வரத்து கூடிவிடாது. பெருந்தொற்றில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. உலகச் சிர்கானில் ஏறத்தாழ பாதி டைல்ஸ் தொழிலுக்குப் போகிறது. 2020 மார்ச்சில் இத்தாலியின் டைல்ஸ் ஆலைகளும் குஜராத்தின் டைல்ஸ் ஊரான மோர்பியும் மூடியபோது வாங்க ஆளில்லை. மறு ஆண்டு கட்டுமானம் எழுந்த நேரத்தில், தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே மினரல்ஸ் என்ற சுரங்க நிறுவனம் வன்முறையால் வேலையை நிறுத்தி, ஜூன் 30 அன்று ஒப்பந்தப்படி சரக்கு தர இயலாது என்று அறிவித்தது. கண்டெய்னர் வாடகையும் ஏறியிருந்தது. 2022-இல் விலை டன்னுக்கு 2,000 டாலரைத் தாண்டியது.

இந்தியாவில் நிலைமை அதற்கு முன்பே இறுக்கம். 2019-இல் மோனசைட் (கடற்கரை மணலில் கலந்திருக்கும் தோரியம் தாது) பற்றிய விதி கடுமையானதும் தனியார் கடற்கரை மணல் எடுப்பது நின்றுபோனது. மிஞ்சியது மணவாளக்குறிச்சி, சவறா, சத்ரபூர் போன்ற பொதுத்துறை ஆலைகளின் சரக்கும் இறக்குமதியும்தான்.

குரோமைட் (குரோமியத் தாது) மணலுக்கு மாறலாம் என்பார்கள். நல்ல மாற்றுதான், ஆனால் அதுவும் முக்கியமாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்தே வருகிறது. ஒரே அடைப்பில் இரண்டும் சிக்கும். மணலைப் பிணைக்கும் ஃபியூரான் பிசினோடு போட்டால், பிசினை இறுக்கும் அமிலத்தைக் குடிக்கும்; அந்த அமிலத்தின் (கேட்டலிஸ்ட்) அளவைச் சோதித்துக் கூட்ட வேண்டும். ஒரு வசதி: பழைய மணலிலிருந்து குரோமைட்டைக் காந்தத்தால் பிரித்தெடுக்கலாம். சிர்கானைக் காந்தம் இழுக்காது. சிலிக்காவோடு கலந்துவிட்டால் காசு போனதுதான்.

அதனால் அச்சு முழுக்கச் சிர்கான் கொட்டாதீர்கள். உலோகம் தொடும் முகத்தில் 20 முதல் 25 மி.மீ. போதும், பின்னால் சிலிக்கா. சாதாரணத் தடிமனுக்குச் சிலிக்கா கோர் மேல் சிர்கான் வாஷ் (சிர்கான் மாவு கலந்த பூச்சு) இரண்டு கோட் அடித்தாலே வேலை முடியும்.

அடிக்கடி நடக்கும் தவறு பிசினில். சிர்கான் சிலிக்காவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கனம். சிலிக்காவுக்கு எடையில் 1 சதவீதம் போடுபவர் அதே கணக்கை இதிலும் வைத்தால் வாயு கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும். 0.5, 0.6 சதவீதத்தில் தொடங்குங்கள்.

பிரீமியம் தரம் கேட்டு வாங்குவது அச்சுமணலுக்கு வீண்செலவு. டைட்டானியமும் இரும்பும் குறைவாக இருக்க வேண்டும் என்பது டைல்ஸின் வெண்மைக்கான தேவை. அச்சுக்கு ஸ்டாண்டர்டு தரம் தாராளம். இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்கில் மெழுகு உரு மேல் பூசும் ஸ்லரிக்கு (குழம்பு) வாங்கும் சிர்கான் மாவில் மட்டும் தூய்மையை விட்டுக்கொடுக்காதீர்கள்.