முப்பது ஜுஸ்வா, பத்து வசனமா?

ரமலானில் குர்ஆனை ஒருமுறை ஓதி முடிப்பது சிரமமில்லை. மதீனா பதிப்பில் ஐவேளைத் தொழுகை ஒவ்வொன்றுக்குப் பிறகும் 4 பக்கம் ஓதினால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு ஜுஸ்வு (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று) ஆகிவிடும். நாக்கு பழகும், நன்மையும் உண்டு. ஆனால் ஓதிய அதே வாய், ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்ததும் பள்ளிவாசல் படியில் நின்று புறம் பேசும்!

இன்னொரு வழி, பத்துப் பத்து வசனமாகக் கற்று, அதன்படி நடந்த பிறகே அடுத்ததற்குப் போவது. நபித்தோழர்கள் இப்படித்தான் படித்தார்கள் என்று அறிவிப்பு இருக்கிறது. சூரா (அத்தியாயம்) ஹுஜுராத்தை எடுங்கள், மொத்தமே 18 வசனம். 12-ஆவது வசனம் புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதோடு ஒப்பிடுகிறது. அதைத் தர்ஜுமாவோடு (மொழிபெயர்ப்போடு) படித்துவிட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், மச்சானைப் பற்றிப் பாதி தட்டியதை விரல் தானாக அழிக்கும். வேகம் குறைவுதான், இத்தனை ஜுஸ்வு என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. ஆனாலும் மற்ற 11 மாதங்களுக்கு என் ஓட்டு இதற்கே.