பிளேடா, டிராப்-அவேயா? 50 மீட்டர் காம்பவுண்டுக்கு எந்த ரெஸ்ட்

காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரமும் கேபிளும் உள்ள வில்) வாங்கும்போது எந்த வில், எந்த ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கருவி) என்று மாதக்கணக்கில் யோசிக்கிறோம். அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை மட்டும் கடையில் மாட்டிக் கொடுத்தபடியே விட்டுவிடுகிறோம். ஆனால் அம்பு வில்லோடு உறவாடுவது இரண்டே இடங்களில்தான்: பின்னால் நாண், முன்னால் ரெஸ்ட். 50 மீட்டரில் பத்துப் புள்ளி வளையம் 8 செ.மீ. அகலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 4 செ.மீ. அங்கே ரெஸ்ட் செய்யும் தவறுக்குத் தோள்பட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிளேடு என்பது நுனியில் சிறு பள்ளம் வெட்டிய மெல்லிய எஃகுத் தகடு, அவ்வளவுதான். அம்பு அதன்மேல் உட்காரும், விட்டதும் தகடு சற்றே வளைந்து வழிவிடும். டிராப்-அவேயில் தாங்கி ஒரு கயிற்றால், சக்கரங்களோடு ஓடும் கேபிளோடு இணைந்திருக்கும். நாணை இழுக்கும்போது எழும்பும், விட்டதும் கீழே விழுந்துவிடும். இறகு உரச அங்கே ஒன்றுமே இருக்காது என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி.

அந்தக் கவர்ச்சியில் நானும் இரண்டு வருடம் டிராப்-அவேதான் வைத்திருந்தேன். ஒருநாள் மதியம் அம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருப்பினேன், பிடியை மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில், அம்பு நேராகப் போகிறதா என்று தெரிய, இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு சட்டத்தில் காகிதத்தை ஒட்டி எய்து பார்த்தேன். முனை கீழேயும் வால் மேலேயுமாக ஒரு விரற்கடைக்குக் கிழிந்திருந்தது. கேபிளில் கயிற்றைப் பிடித்திருந்த கிளாம்ப் இரண்டு மில்லிமீட்டர் வழுக்கி, கயிறு தொய்ந்து, தாங்கி முழுதாக நிமிராமல் நின்றது. கண்ணுக்குச் சட்டென்று தெரியவே இல்லை. அன்றிலிருந்து கிளாம்ப் இருக்கும் இடத்தில் கேபிளின்மேல் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். டிராப்-அவே வைத்திருப்பவர்கள் இதை இன்றே செய்யுங்கள்.

அதன் டைமிங்கும் முக்கியம். இழுப்பு முடியும் கடைசி ஓரிரு அங்குலத்தில்தான் தாங்கி முழுதாக எழ வேண்டும். கயிறு அதிக இறுக்கமாக இருந்தால் தாங்கி சீக்கிரம் எழும், தாமதமாக விழும். அப்போது வால் இறகு அதில் இடித்துவிடும். கயிற்றை லிம்பில் (வளையும் வில்கையில்) கட்டும் வகைகளில் இந்தத் தொல்லை குறைவு.

பிளேடுக்கு வருவோம். இதில் நகரும் பாகம் இல்லை, காலையில் வைத்த இடத்திலேயே மாலையிலும் இருக்கும். தகுதிச்சுற்றின் 72 அம்புகளுக்கும் இந்த நிம்மதி பெரியது. ஆனால் சும்மா கிடைக்காது. கனமான அம்புக்கு 0.30 மி.மீ. தகடு, லேசான கார்பனுக்கு 0.20 அல்லது 0.25 என்று பொருத்த வேண்டும். தகடு தளர்வாக இருந்தால் அம்பின் எடையிலேயே துள்ளும். விறைப்பாக இருந்தால் அம்பைத் தூக்கி எறியும். கீழ் இறகுகள் இரண்டும் தகட்டின் இருபுறமும் தப்பிப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் தகட்டின் ஓரத்தில் டால்கம் பவுடர் பூசி ஓர் அம்பு விடுங்கள். என் தகட்டில் இடப்பக்கம் மட்டும் நூல் தடிமனுக்குப் பவுடர் அழிந்திருந்தது. அம்பின் வாலில் நாண் பொருந்தும் நாக் (nock) என்ற பிளவை ஒரு துளி திருப்பினேன், அடுத்த அம்பில் பவுடர் கலையவில்லை.

குறைகளும் உண்டு. பலத்த காற்றில் இழுக்கும்போது அம்பு தகட்டிலிருந்து உருண்டு விழும். எய்யாமல் நாணைத் திரும்ப விடும்போதும் அப்படியே. தகடு நாளடைவில் சோர்ந்து உடையவும் செய்யும். ஆகவே பையில் ஒன்று கூடுதலாக வேண்டும்.

தூரிகை நார் வளையத்துக்குள் அம்பு செருகும் விஸ்கர் பிஸ்கட்டும் உண்டு. அம்பு விழவே விழாது, முதல் சில மாதங்களுக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு அம்பிலும் இறகு நாரை உரசிக்கொண்டே போகிறது. 50 மீட்டருக்கு நான் வைக்க மாட்டேன்.

எந்த ரெஸ்ட் ஆனாலும் தொடக்கம் ஒன்றுதான்: ரெஸ்ட் மாட்டும் திருகுத் துளையின் நடு உயரத்தில் அம்பு படுக்க வேண்டும், நாணுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்புறம்தான் காகிதம். வால் மேலே கிழித்தால் ரெஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், கீழே கிழித்தால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள், நகர்த்தியபின் குறைந்தது மூன்று அம்பாவது விட்டுப் பாருங்கள்.

சமதளத்தில் நின்று இலக்கை அடிப்பவருக்கு என் தேர்வு பிளேடு. காட்டுப்பாதையில் ஏறி இறங்கி, சாய்வில் நின்று எய்யும் ஃபீல்டு ஆட்டத்துக்கு, இழுத்துவிட்டு இறக்கினாலும் அம்பை விடாத மூடிய வகை டிராப்-அவே. இரண்டு ஆட்டமும் ஆடுபவர்கள் இரண்டையும் வாங்கி, ஒவ்வொன்றின் உயரத்தையும் ரைசரிலிருந்து (வில்லின் நடுப்பகுதி) அதன் தூரத்தையும் கேலிப்பரால் அளந்து, அந்த அளவுகளை எழுதி ரைசரின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள்.