ஸ்பேர் ஏரா, போனி சிலிண்டரா?

குளுவாங்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து கடலடி மூச்சைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். ஆனால் மெர்சிங் போய்ப் படகேறினால் தியோமான் தீவு வந்துவிடும். எங்கள் வீட்டுப் பையன்கள் இருவர் ஸ்கூபாவுக்குக் கிளம்புகிறார்கள். முதுகுச் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் கைகொடுக்க எதை வாங்குவது என்று ஒரே சண்டை: நேராக வாயில் வைத்து மூச்சிழுக்கும் குட்டிச் சிலிண்டரான ஸ்பேர் ஏரா, தனி ரெகுலேட்டரோடு (மூச்சுக் கருவி) கூடவே கட்டிக்கொள்ளும் சிறிய போனி சிலிண்டரா?

காற்று: ஸ்பேர் ஏர் 300 மாடலில் சுமார் 85 லிட்டர். 3 லிட்டர் போனியில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறக்குறைய 600.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 பார். பதற்றத்தில், நீருக்கு மேலே கணக்கிட்டால் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பவருக்கு அங்கே நிமிடத்துக்கு 90 லிட்டர் செலவாகும். நிமிடத்துக்கு 9 மீட்டராக ஏறினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏற ஏற அழுத்தம் குறைந்தாலும் அதற்கே 130 லிட்டர் வேண்டும்; ஸ்பேர் ஏரின் 85 போதாது. மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க இன்னொரு 135. போனி அசராது.

சுமை: ஸ்பேர் ஏர் கைப்பைக்குள் அடங்கும். போனியும் ரெகுலேட்டரும் சேர்ந்து ஐந்து கிலோ பக்கம் வரும்.

நிரப்புவது: ஸ்பேர் ஏரை அடாப்டர் வைத்துப் பெரிய சிலிண்டரிலிருந்தே நிரப்பலாம். போனியை டைவ் கடையில் கொடுக்க வேண்டும்.

விமானம்: இரண்டுமே காலியாகத்தான் போக வேண்டும். வால்வைக் கழற்றச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள்.

காரில் மெர்சிங் போய் 20 மீட்டர் இறங்குகிறவருக்குப் போனி. சபாவின் செம்பூர்ணாவுக்குப் பறந்து, 10 மீட்டருக்குள்ளேயே மீன் பார்க்கிறவருக்கு ஸ்பேர் ஏர் போதும். எதை வாங்கினாலும் சரி, தம்பிகளா, ஒருவரைவிட்டு ஒருவர் விலகாதீர்கள். கூட வருகிறவனின் ஆக்டோபஸ்தான் (அவன் சிலிண்டரில் இருக்கும் உபரி ரெகுலேட்டர்) முதல் காப்பு.